வெள்ளை இல்லாத முட்டைக்குழம்பு

அத்தியாயம் 6

“போன் உண்டா?” என்று கேட்டார் வார்டர் குமாரதாஸ்.

ஈட்டிவிளைக் கிளைச்சிறையில் வாசல் சோதனை என்றால் அந்த ஒரு கேள்விதான். உடம்பைத் தடவிப் பார்க்க ஆளில்லை. இரும்பைக் கண்டால் கத்துகிற வளைவு ஒன்று வாசலில் நின்றது. அதன்மேல் யாரோ பனியனைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள்.

“உண்டு சார்” என்று எபிசன் பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்து மேசைமேல் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் போட்டான். இன்னொன்று உண்டா என்று குமாரதாஸ் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எபிசனுக்கும் இல்லை. சவூதியில், தம்மாமில் எட்டு வருஷம் லாரி ஓட்டியவன். செக்போஸ்ட்டில் மட்டும் வாயை மூடிக்கொள்ளத் தெரியும். மற்ற இடங்களில் அது மூடாது.

ஃபாஸிலா பார்த்தும் பாராததுபோல் நின்றாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி. பதினைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைத் தோண்டி எடுத்துவிட்டு, இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அலுவலகம் என்றால் இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, அப்புறம் ‘இத்தா’ என்று அக்காள் முறை கொண்டாடும் இந்த எபிசன்.

அவர்களுக்குப் பின்னால் நின்ற பெண்ணைக் கண்டதும் குமாரதாஸின் முகம் கறுத்தது.

“நீ எதுக்குட்டி வந்த? ஒன் மாப்பிள சாடிப் போனதுக்கு என் வேலைக்கு உலை வைக்கப் பாக்குறானுவ. இதுல நீ வேறயா?”

“அவருக்க சட்டையும் வாட்சும் வாங்குறதுக்கு வந்தேன்” என்றாள் ஷிஜி. கால் பின்வாங்கவில்லை.

ஷிஜியின் கணவன் ரதீஷ் தென்னை ஏறுகிறவன். சாயாக்கடை அடிதடி ஒன்றில் விசாரணைக் கைதியாக உள்ளே போய் ஒரு மாதம் ஆகிறது. நேற்று, திங்கட்கிழமை, கோர்ட்டில் ஜாமீன் கிடைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் ஜெயிலிலிருந்து சேதி வந்தது: ராத்திரியோடு ராத்திரியாக ரதீஷ் மதில் ஏறிக் குதித்து ஓடிவிட்டானாம். அன்றைக்கே போலீஸ் ஷிஜியின் வீட்டை அரிசிப்பானை முதல் குப்புறக் கவிழ்த்துத் தேடியது. பக்கத்து வீட்டுக்காரிகள் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரை பஸ்களை நிறுத்தி ஆளை ஆளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரில் வரும்போது ஷிஜி சொன்ன ஒன்றுதான் ஃபாஸிலாவின் மனதில் கிடந்தது.

“அவரு தெங்குல ஏறுனா நான் கீழ நிண்ணு தேங்கா பெறக்குவேன் அக்கா. மேலேருந்து ‘கீழ ஆளு உண்டா?’ண்ணு விளிப்பாரு. ‘மாறியாச்சு, வெட்டு’ண்ணு நான் சொல்லாம ஒரு குலையத் தொடமாட்டாரு. கீழ ஒரு கோழிக்குஞ்சு நிண்ணாலும் அரிவாள ஓங்கிட்டு அப்பிடியே காத்து நிப்பாரு. அந்த மனுசன், ஜாமீனுக்கு ரெண்டு நாளு இருக்கும்போ மதிலு சாடுவாரா? அவரு உயிரோட இருக்காரா இல்லியா, அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போரும்.”

இப்போது அவள் பார்வை குமாரதாஸின் தலைக்கு மேல் நிலைகுத்தி நின்றது. சுவரில் சாவிக்கொத்து தொங்கும் ஆணிகள். கடைசி ஆணியில் ஒரு கயிற்று வளையம்.

“அக்கா, அது எங்களுக்க தளைநாராக்கும்!”

தென்னை ஏறுகிறவன் இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் வளையம் அது. பனைநாரோடு நீல நிற வலைநூலும் கலந்து பின்னியிருந்தது.

“நான் பின்னுனது. ரெண்டு வாரத்துக்கு முன்ன இந்த சாருதான் பைக்குல வீட்டுக்கு வந்தாரு. ‘ஒன் மாப்பிள கேட்டு உட்டான்’ண்ணு வாங்கிட்டுப் போனாரு. நானும் கேணச்சி மாதிரி எடுத்துக் குடுத்தேன்.”

“ஏதோ பழைய கயிறு” என்று குமாரதாஸ் சட்டென்று எட்டி அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் திணித்தார். அந்த ஒரு நொடியில் ஃபாஸிலா பார்த்துவிட்டாள். வளையம் வளையமாக இல்லை, ஓரிடத்தில் அறுந்து இரண்டு முனையும் தும்புதும்பாக நின்றது.

உள்ளே நடக்கும்போது எபிசன் அவள் காதருகே குனிந்தான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

“ஜெயிலுக்குள்ள ஒருத்தனுக்குத் தளைநாரு எதுக்கு இத்தா? வெளிய எங்கயோ கொண்டுபோய் மரத்துல ஏத்தியிருக்கானுவ. அறுந்திருக்கு. ஆளு… போயிட்டானோ?”

“வாயப் பொத்து. அவ காதுல விழப்போவுது.”

ஆனால் ஃபாஸிலாவுக்கும் அதே சந்தேகம்தான். முப்பதடி உயரத்தில் தளைநார் அறுந்தவன் பிழைப்பது அபூர்வம்.

கைதிகளைப் பார்க்கும் மனு அறை மழையில் ஒழுகுகிறது என்று பூட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் மனு எல்லாம் முற்றத்தில்தான், சமையல்கட்டு ஜன்னல் வழியாக. ஜெயிலைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டு ஃபாஸிலா எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஓட்டைக் கூரை அந்த அனுமதியைத் தானே கொடுத்துவிட்டது.

முற்றத்தின் கிழக்கு மூலையில் மதிலையொட்டி ஒரு பலாமரம். அதன் கொப்பில் கிழிந்த போர்வைகளை முடிந்து கட்டிய கயிறு இன்னும் தொங்கியது. அதைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, திருவிழாக் கொடிமரம்போல் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மரத்துக்கு நேர் எதிரே சுவரில் ஒரு கேமரா. அதன் தலையில் மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் பை கோடையிலும் அப்படியே இருந்தது.

“இங்கேருந்துதான் பறந்திருக்கான்” என்று எபிசன் மரத்தில் கை ஊன்றினான். அடுத்த கணம் “எளவே!” என்று அலறிக்கொண்டு கையை உதறினான். முழங்கை வரை செந்நிறத்தில் முசுறு எறும்பு.

ஃபாஸிலா அண்ணாந்து பார்த்தாள். தண்டுக்கும் கயிறு தொங்கிய கொப்புக்கும் நடுவே இலைகளை ஒட்டிப் பின்னிய எறும்புக்கூடுகள் மூன்று, ஒரு இலைகூடப் பிரியாமல் முழுசாக இருந்தன.

“லேய் எபிசனே, ஒரு ஆளு இதுவழியா ஏறிப் போயிருந்தா இந்தக் கூடு இருக்குமா?”

“ஆளே இருக்கமாட்டான் இத்தா. அலறுற அலறல்ல களியக்காவிளைக்காரன் முழிச்சிருப்பான்.” அவன் இன்னும் சொறிந்துகொண்டிருந்தான். “கயித்த அந்தால மதிலுக்கு வெளிய நிண்ணு எறிஞ்சு மாட்டியிருக்கானுவ.”

 ஃபாஸிலாவின் கண் மேற்கு மதிலுக்குப் போயிருந்தது. அங்கே மதில் என்று ஒன்று பாதிதான் இருந்தது. போன வருஷ மழையில் விழுந்த மீதியை ஓலைக் கிடுகு வைத்து மறைத்து, அதன்மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். ஓர் எருமை லேசாக முட்டினால் உள்ளே வந்துவிடும். வாசல் இப்படி மலர்ந்து கிடக்க, எந்த மடையன் கூரையைப் பிரித்துக்கொண்டு போவான்?

“அந்த மதிலக் கட்டி முடிச்சாச்சுண்ணு மேலிடத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு மோளே.” சமையல்கட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. “காயிதத்துல மதிலு நிக்குது. அதுனால அது வழியா ஒருத்தனும் ஓட முடியாது.”

ஏசுஅடிமை. ரப்பர் ஷீட் திருட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே வந்துபோகும் அறுபது வயதுக்காரர். ஜெயிலில் சமையல் வேலை அவருக்கு. ஃபாஸிலா மனு போட்டது அவரைப் பார்க்கத்தான்.

“சொகமா இருக்கேளா?” என்றாள்.

“சொகத்துக்கு என்ன கொறச்சல்? முப்பது பேரு கெடக்க வேண்டிய எடத்துல எழுபது பேரு. ஒருத்தன் பெரண்டா ஒக்கப் பெரளணும். கக்கூஸ்ல தண்ணி கெடையாது. காலையில எண்ண வாறவன் எண்ணுறதே இல்ல, நேத்து எழுதுன எண்ணத்த இண்ணைக்கும் எழுதிட்டுப் போவான். சூப்பிரண்டுக்க தென்னவிளைக்கு வேலைக்குப் போனவனும் அந்த எண்ணத்துல உண்டு. பின்னே ஒண்ணு செல்லணும், இந்த நாலு நாளா ராஜவாழ்க்கையாக்கும். தெனமும் முட்டக்கொழம்பு!”

“இங்கயா? தெனமுமா?”

“வாரத்துக்கு ஒரு முட்ட கண்ணால காணுறதே பெரும்பாடு. இப்போ தெனமும். ஆனா ஒரு எளவும் வெளங்கல மோளே. கொழம்புல வெள்ளையே இல்ல. மஞ்சக்கரு மட்டும் மெதக்குது. ஆபீஸ்லேருந்து ஒரு பாத்திரத்துல ஒடைச்சுக் கொண்டு வாறான், ‘இதப் போட்டு வைய்யி’ங்கான். வெள்ளைய எவன் நக்கிட்டுப் போறானோ!”

“வெள்ளை மட்டும் தின்னா ஒடம்பு வைக்காதுண்ணு தம்மாம் ஜிம்முல சொல்லுவானுவ” என்றான் எபிசன். “ஒங்க சூப்பிரண்டு ஜிம்முக்குப் போறாரோ?”

“அவருக்க தொந்திய நீ கண்டதில்ல போல. உளுந்தையும் விட்டுவைக்கல மக்கா. தெனமும் ரெண்டு பிடி உளுந்து அரைச்சு வாங்கிட்டுப் போறானுவ. வடை சுட்ட மணமும் இல்ல.”

ஃபாஸிலா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். “காலையில வெளிய இருந்து ஆளு யாராவது வாறதுண்டா?”

“எண்ணெய்ப்பை தூக்கிட்டு ஒருத்தன் வருவான். சூப்பிரண்டுக்கு முட்டுவலியாம்.”

அவ்வளவுதான். ஃபாஸிலாவுக்குக் கணக்கு நேராகிவிட்டது. திரும்பி ஷிஜியைப் பார்த்தாள். அழவேண்டும்போல் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“யாரு உள்ள உட்டது இதுகள?”

முற்றத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. கண்காணிப்பாளர் சத்தியநேசன் வந்துகொண்டிருந்தார். வயிறு முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்தார். முட்டுவலிக்காரர் என்று நம்ப முடியாத வேகம். குமாரதாஸ் பின்னால் ஓடிவந்தார்.

“மனு சார்” என்றாள் ஃபாஸிலா.

“எல்லாம் எனக்குத் தெரியும். மீன் விக்கிய ஊருலேருந்து துப்பறிய வந்துட்டா! வெளிய போ.”

“மீன் விக்கிய ஊருதான் சார். அதனாலதான் நாறுனா சீக்கிரம் தெரிஞ்சுபோவும்.”

வரிசையில் மனுவுக்கு நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். சத்தியநேசனின் கழுத்து நரம்பு புடைத்தது. “குமாரதாஸ்! மூணு பேரையும் பிடிச்சுத் தள்ளு.”

“தள்ளலாம் சார். அதுக்கு முன்ன ஒரு கணக்குக்குப் பதில் செல்லுங்க. அந்த மரத்துல எவனும் ஏறல. என் ஆளுக்க கையைப் பாருங்க. ஓடுறவன் அந்தக் கிடுகு வழியா காலாற நடந்து போயிருப்பான். ஆனா கிடுகு இருக்குண்ணு நீங்க வெளிய செல்ல முடியாது, மதிலக் கட்டியாச்சுண்ணு எழுதிக் குடுத்தவரு நீங்க. அதுனால மரத்துல போர்வையைக் கட்டுனீங்க. ரதீஷ் ராத்திரி ஓடல. வெள்ளிக்கிழமை பகல்ல, முன்வாசல் வழியா, ஒங்க வண்டியில ஒங்க தென்னவிளைக்குப் போனான். தேங்கா வெட்ட. இந்தக் காலத்துல தெங்குல ஏற ஆளு கெடைக்கல்லியே. தளைநாரு அறுந்துது. விழுந்தான்.”

ஷிஜி வாயைப் பொத்திக்கொண்டாள். 

 சத்தியநேசன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் இருந்தது, அதுதான் ஃபாஸிலாவுக்கு எரிச்சலாக இருந்தது.

“கதை கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. விழுந்தான்னே வச்சுக்கோ. எங்க அவன்? மாவட்டத்துல உள்ள ஆஸ்பத்திரி ஒண்ணு பாக்கியில்லாம போலீசு தேடியாச்சு. பொணமா இருந்தா பொணத்தக் காட்டு.”

“பொணமா?” ஃபாஸிலா ஷிஜியின் கையைப் பிடித்து இறுக்கினாள். “செத்தவனுக்கு யாரும் தெனமும் முட்ட ஒடைக்கமாட்டாங்க சார்.”

சத்தியநேசனின் சிரிப்பு பாதியில் நின்றது.

“எலும்பு ஒடைஞ்சா எண்ணெய்ப்பை தூக்குற நாட்டு வைத்தியன் என்ன செய்வான்? முட்ட வெள்ளையில உளுந்துமாவக் குழைச்சுப் பத்து போட்டு, மூங்கில் சிம்பு வச்சுக் கட்டுவான். எனக்க உம்மாக்க கையும் அப்பிடித்தான் கூடுச்சு. வெள்ளை கட்டுக்குப் போச்சு. மஞ்சளத் தூரப்போட ஒங்களுக்கு மனசு வரல, கைதிங்க கொழம்புல போட்டீங்க. அங்கதான் சார் மாட்டுனீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா ‘எங்க விழுந்தான்’னு கேப்பான். திங்கட்கிழமை கோர்ட்டுல நிறுத்தணும்னா நடக்கமாட்டான். அதுனால ஓடிப்போனான்னு ஒரு கதை. கொஞ்சம் தேறுனதும் ஏதாவது ரப்பர் தோட்டத்துல கொண்டுபோய்ப் போட்டு, ‘பிடிச்சாச்சு, மதிலு சாடுனதுல இடுப்பு ஒடைஞ்சுபோச்சு’ண்ணு இன்னொரு கதை. ஜெயில்ல இருந்து ஓடிப்போனவன எல்லா எடத்துலயும் தேடுவாங்க. ஜெயிலுக்குள்ள எவன் தேடுவான்?”

“ஆட்டத் தோளுல போட்டுட்டு ஊரெல்லாம் தேடுன கதை” என்றான் எபிசன். “இங்க அந்த ஆட்டுக்கு முட்டையிலல்லா பத்து போட்டிருக்கு.”

ஃபாஸிலா விரலை நீட்டினாள். முற்றத்தின் கடைசியில் பெண்கள் பகுதி, ஆறு வருஷமாக மூடிக் கிடக்கும் ஓட்டுக் கட்டடம். கதவில் தேங்காயளவு பூட்டு. அதன் வாசலை ஒட்டி ஜெயில் வேன் பின்பக்கமாக நிறுத்தப்பட்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே சீட்டைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள்.

“இண்ணைக்குக் கொண்டுபோற ஏற்பாடா சார்?”

“அது இடிஞ்சு விழுற கட்டடம்.” சத்தியநேசனின் குரல் உயர்ந்தது. “சாவி மேலிடத்துல இருக்கு. கோர்ட்டு உத்தரவோட வா, தொறக்கேன். குமாரதாஸ், என்ன பாத்துட்டு நிக்கே? தள்ளுடா!”

ஃபாஸிலாவுக்குத் தெரியும், அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. உத்தரவு வர இரண்டு மணி நேரமாவது ஆகும். வேன் கிளம்ப இரண்டு நிமிஷம் போதும். அதன்பிறகு ரதீஷ் ஓடிப்போய்ப் பிடிபட்ட கைதி. முட்டையும் எறும்பும் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லாது. குமாரதாஸின் கை அவள் தோளைத் தொட்டது.

அப்போதுதான் ஷிஜி ஃபாஸிலாவின் கையை உதறிவிட்டு முற்றத்தின் நடுவே போய் நின்றாள். இடுப்பில் முந்தானையைச் செருகினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, தென்னந்தோப்பே அதிரும்படி நீட்டி முழங்கினாள்.

“கீழ ஆளு உண்டா…ஆ…?”

எழுபது கைதிகளில் ஒருவன்கூட மூச்சு விடவில்லை. சமையல்கட்டில் ஏசுஅடிமை கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

“பைத்தியக்காரி” என்றார் சத்தியநேசன்.

“கீழ ஆளு உண்டா…ஆ…?” அவள் குரல் உடைந்தது.

ஆறு வருஷமாக மூடிக் கிடந்த கட்டடத்துக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஓர் ஆண்குரல் திணறித் திணறி வந்தது.

“மாறி…யாச்சு… வெட்டு…!”

முற்றம் வெடித்தது. கைதிகள் கம்பிகளைத் தட்டினார்கள். மனுவுக்கு வந்த பெண்கள் வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். சத்தியநேசன் எபிசனின் பக்கம் திரும்பியபோது அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்த செல்போனைக் கண்டார்.

“போன் எப்பிடிடா உள்ள வந்துது?”

“ஒங்க வாசல் வழியாத்தான் சார். ‘உண்டா’ண்ணு கேட்டாங்க, ‘எத்தனை’ண்ணு கேக்கல்ல. கோர்ட்டுல எங்க வக்கீல் அபிதா நிக்காங்க. இந்த சத்தம் முழுக்க அவங்க போனுல இப்போ கேட்டுட்டு இருக்கு. ஒங்க பாதுகாப்புக்கு ஒரு கும்பிடு சார். அது மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நாங்க நாசமாப் போயிருப்போம்.”

குமாரதாஸின் கை ஃபாஸிலாவின் தோளிலிருந்து தானாக இறங்கியது. அவர் யாரையும் பார்க்காமல் பெண்கள் பகுதியை நோக்கி நடந்தார். சத்தியநேசன் அதட்டியது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பூட்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். பூட்டு திறக்கவில்லை. செல்லரித்த கதவிலிருந்து கொண்டி, ஆணி எல்லாம் சேர்ந்து கையோடு வந்துவிட்டது.

“ஆறு வருஷமா இப்பிடித்தான் கெடக்கு” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

ஷிஜிதான் முதலில் உள்ளே ஓடினாள். எண்ணெய் வாடையும் வௌவால் நாற்றமும் மூக்கைப் பிடுங்கின. மூலையில் ஒரு பெஞ்சின்மேல் ரதீஷ் கிடந்தான். இடுப்பு முதல் முழங்கால் வரை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது. தாடி மண்டிப்போயிருந்தது. ஓடிவந்த ஷிஜியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு நாளாக அவனைத் தின்றுகொண்டிருந்தது வேறொன்று.

“ஷிஜி, நான் சாடிப் போவல்லட்டி. ஒன்னாணை, நான் சாடிப் போவல்ல.”

அவள் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு அறியாதா?” என்றாள்.